பானுமதியின் அழைப்பு செல்லுமா?

கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியைச் சேர்ந்த ஊத்துக்காட்டில் பானுமதியைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், முதலில் அவள் தொண்டையைப் பற்றித்தான் பேச்சு வரும். மிளகை நன்றாகக் காய்க்க வைப்பாள், பிளஸ் டூ வரை படித்தவள், மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி என்பதெல்லாம் அப்புறம்தான். மேட்டுக்காட்டில் நின்று அவள் மாட்டை அதட்டினால் பள்ளத்து வீட்டில் குடித்துக்கொண்டிருக்கிற டீ சிந்தும் என்று கேலி செய்வார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

பிறந்தது தேவனூர் நாட்டில். வளர்ந்தது அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில். அப்பாவும் அம்மாவும் அங்கே கட்டட வேலைக்குப் போனார்கள். மத்தியானம் சோறு கொண்டு போகிற பானுமதி தெருமுனையில் நின்றே ஒரு குரல் கொடுப்பாள். கலவை மெஷின் சத்தத்தையும் தாண்டி அது மாடிக்குப் போய்ச் சேரும். மேஸ்திரி என்னமோ ஏதோ என்று வேலையை நிறுத்திவிடுவார். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு தொண்டை ஆகாது என்று சொல்லாத ஆளில்லை. அவளும் அடக்கிப் பார்த்தாள். அடங்குகிற சரக்கா அது? ஊத்துக்காட்டுச் சுதாகருக்கு வாழ்க்கைப்பட்டு மறுபடி மலையேறி வந்தபோது, தொண்டையும் கூடவே வந்தது.

அந்தத் தொண்டைக்கு ஒரு வேலை கிடைத்ததும், அதில் ஊரே இரண்டுபட்டதும், எங்கோ வடக்கே மூண்ட ஒரு சண்டையால்தான்.

சுதாகரின் அப்பா மாதேஸ்வரன் ஊத்துக்காட்டின் அழைப்புக்காரர். கல்யாணமோ சாவோ கூட்டமோ, எதுவானாலும் அவர்தான் கையில் ஒரு பிரம்போடு வீடு வீடாகப் போவார். வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "ஊர் கூப்புடுது" என்பார். என்ன விஷயம் என்று சொல்வார். உள்ளேயிருந்து, "வாரேன்" என்று பதில் வந்தால் அழைப்பு முடிந்தது. அழைக்காத இடத்துக்குப் போவது கௌரவக் குறைச்சல். அழைத்தும் போகாமலிருப்பது அதைவிடப் பெரிய குற்றம். செல்போன் வந்தது, வாட்ஸ்அப்பில் ஊருக்கென்று ஒரு குரூப்பும் வந்தது. காலையில் குட்மார்னிங் பூப்படம் போடுவதற்கு அது ஆயிற்று. அழைப்பு மட்டும் வாய்வழியாக வந்தால்தான் அழைப்பு.

மாசியில் மாதேஸ்வரன் காலமானார். பிரம்பு மகனுக்குச் சேர வேண்டியது. சுதாகர் பட்டாளத்தில் பாலம் கட்டுகிற பிரிவில் இருந்தான். அடுத்த தையில் பென்ஷனோடு ஊர் திரும்ப எழுதிக் கொடுத்திருந்தான். சித்திரையில் லீவில் வந்து, மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் குப்புசாமி கையால் பிரம்பை வாங்கிக்கொண்டான். தையில் வந்து வேலையைப் பார்ப்பது, அதுவரை ஒரு பங்காளியை ஏற்பாடு செய்வது என்று பேச்சு. அந்தப் பங்காளி யார் என்று பேசி முடிப்பதற்குள் எல்லையில் சண்டை மூண்டு, லீவு ரத்து என்று போன் வந்துவிட்டது.

செம்மேட்டில் பஸ் ஏறுகிறவரை சுதாகர் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். பானுமதிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"பாலந்தான் கட்டப்போறேன், சண்டைக்கு முன்னால போய் நிக்கறது வேற ஆளுங்க," என்றான்.

"பாலத்து மேல குண்டு போடமாட்டாங்களாக்கும்," என்றாள் அவள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகு, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளாட்டம் அங்கேயே வெகுநேரம் நின்றாள். பயம் என்றால் அப்படியொரு பயம்.

அடுத்த சில நாட்கள் ஊத்துக்காடே பட்டாளம் ஆகிவிட்டது. ராத்திரி விளக்கைப் போடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். கொல்லிமலைக்கு எந்த விமானம் வழி தெரிந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. உப்புக்குப் பஞ்சம் வரும் என்று குரூப்பில் ஒரு செய்தி வந்தது. மிளகுக்காட்டுச் சின்னான் செம்மேட்டுக்கு ஓடி உப்பு ஒரு மூட்டை வாங்கி வந்து கட்டிலுக்கடியில் போட்டான். சண்டை சில நாளில் நின்றது. மழை நிற்கவில்லை. ஈரக்காற்றில் மூட்டை கசிந்து, சின்னான் வீட்டுத் தரை மழைக்காலம் முழுக்கப் பிசுபிசுத்தது. இளமதியின் அம்மாதான் தினமும் துடைத்தாள். இளமதி அவர்களுடைய மகள்; நாமக்கல்லில் நர்சிங் கடைசி வருஷம். ஊத்துக்காட்டிலிருந்து நர்ஸுக்குப் படிக்கிற முதல் பெண்.

சண்டை நின்றதே தவிர, சுதாகரின் லீவு திரும்பி வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஊரிலேயே மூத்தவளான அத்தாயி கண்ணை மூடினாள்.

சாவுக்கு யார் அழைப்பது? பங்காளிகளில் ஒருவன் திருப்பூரில், ஒருவன் லாரியில் ஒடிசாப் பக்கம், ஒருவனுக்கு முழங்காலில் கட்டு. ஊர்க்கவுண்டர் குப்புசாமி பானுமதி வீட்டு வாசலில் வந்து நின்றார். பிரம்பு அந்த வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது முறை. பெண்கள் எடுக்கக்கூடாது என்று முறை ஏதும் இல்லை. எடுப்பார்கள் என்று எவரும் நினைத்துப் பார்க்காததால் அப்படியொரு முறை தேவைப்படவில்லை.

"என்ன அம்மிணி பண்ணலாம்?" என்றார், அவளிடம் கேட்கிற மாதிரியும் தூணிடம் கேட்கிற மாதிரியும்.

"நான் போய்ட்டு வாரேனுங்க மாமா. கெழவி காத்துட்டிருக்குமா?"

குப்புசாமி தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, காலத்தை நினைத்து ஆட்டினாரா என்று தெரிந்துகொள்ள அவள் நிற்கவில்லை. பிரம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நல்ல வேலை செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மாமனார் ஒவ்வொரு வாசலிலும் சொன்னதையே சொல்லிவிட்டுப் போவார். இவள் கிழவி எப்போது போனாள், கடைசியில் என்ன கேட்டாள், எடுப்பது எந்நேரம், எந்த வழி வழுக்குகிறது என்று எல்லாம் சொன்னாள். பள்ளத்து வீடுகளுக்கு இறங்காமல் மேட்டிலிருந்தே கூப்பிட்டாள். அவர்களுக்கும் நன்றாகவே கேட்டது. பாதிப் பேர், "வாரேன்" என்றார்கள். மீதிப் பேர் அவளை ஒரு பார்வை பார்த்து, அப்புறம், "வாரேன்" என்றார்கள். சின்னான் மட்டும், "சரி சரி" என்றான்.

அந்தச் சரி சரிக்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. சின்னான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பானுமதி வந்து துக்கச் செய்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முறைப்படி அழைக்க ஆண் யாராவது பின்னால் வருவான் என்று காத்திருந்தான். பறைச்சத்தம் வீட்டுக்குப் பின்பக்கமாகவே போயிற்று. அப்போதும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அத்தாயி அவனுக்குச் சொந்தப் பெரியம்மா. எடுத்து வளர்த்தவள். அவளுக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லையே என்று அன்றைக்கு அவன் அழுதது பொய்யில்லை.

அழுகை ஆறியதும் கோபம் வந்தது. கருமாதி முடிந்த கையோடு கோயில் முன்னால் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"என்னைய யாருங்க கூப்புட்டாங்க? பொம்பள வந்து சொன்னா அது அழைப்பா? நாட்டுல எங்கியாவது உண்டா?"

கூட்டத்தில் ஆண்கள் வட்டமாகக் கல்லில் உட்காருவார்கள். பெண்கள் கோயில் பக்கச் சுவருக்கு அந்தப்புறம் நின்று கேட்பார்கள். அழைப்புக்காரர் ஊர்க்கவுண்டர் பக்கத்தில் நின்று, எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று என்று அறிவிக்க வேண்டும். அதனால் அன்றைக்குப் பானுமதி வட்டத்துக்குள் நின்றாள். ஊத்துக்காட்டுக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் கால் அந்த இடத்தில் பட்டது அதுதான் முதல் தடவை. முகம் சிவந்து, தொண்டை வரைக்கும் பதில் வந்துவிட்டது. குப்புசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"சுதாகர் வரட்டும், பேசிக்கலாம். அதுவரைக்கும் நடக்கறபடி நடக்கட்டும்," என்றார். முடிவு எடுக்காமல் முடிவு சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நடக்கறபடி நடந்தது. வைகாசியில் பூபதி கல்யாணத்துக்குப் பானுமதிதான் அழைத்தாள். ஆனியில் இரண்டு காதுகுத்து, மேய்ச்சல் தகராறு ஒன்று, கோயில் திருவிழாவுக்குப் பூச்சாட்டு. ஊர் வந்தது. சின்னான் மட்டும் எதற்கும் வரவில்லை. தன்னை யாரும் அழைக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்தான். கறிச்சோற்று வாசம் பள்ளத்திலிருந்து மேலேறி அவன் வீட்டு வழியாகத்தான் போகும். பாவம், அதையும் பொறுத்துக்கொண்டான். பிடிவாதம் பிடிப்பதில் அவனுக்கு ஒரு தர்மம் இருந்தது.

ஒருவன்தான் வரவில்லை என்று பானுமதியால் விட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் வாசலில் நின்று முறைப்படி அழைத்தாள். உள்ளே சத்தம் இருக்காது. வீடு திரும்பினால் அந்தச் சத்தமில்லாத வாசல்தான் மனதில் நிற்கும். பிளஸ் டூவில் அவள் வரலாறு படித்தவள். பெரிய போர்களின்போது ஆண்கள் போன இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள், பட்டறையிலும் ஆபீஸிலும் வேலை பார்த்தார்கள், போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண். அப்போது அது வெறும் மனப்பாடம். இப்போது தையில் புருஷன் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று தினமும் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு, அவன் வந்தால் பிரம்பு போய்விடுமே என்று அடுத்த நிமிஷம் நினைத்து, ச்சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிரம்பு போனாலும் போகட்டும். அத்தனை வாசலில் அழைத்தது அழைப்புத்தான் என்று சபையில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆடி பிறந்ததும் சின்னானே அவள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பலாப்பழம். பிடிவாதக்காரன் பழத்தோடு வந்தால் காரியம் பெரியது என்று பானுமதிக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம இளமதிக்கு ஆவணியில முடிச்சர்லாம்னு," என்று ஆரம்பித்தான். "மாப்பிள்ள தேவனூர் நாட்டுக் கார்த்தி. உம்பட ஊட்டுக்காரராட்டம் மிலிட்டரி. ஆவணி பொறந்ததும் பத்து நாள் லீவு குடுக்கறாங்களாம். சண்ட நின்னிருக்குது, முடியலீன்னு டிவியில சொல்றான். மறுக்கா மூண்டா யாரு கண்டா? அவங்கம்மா, போறதுக்கு முன்னாடி கட்டி வெச்சுப்போடோணும்ங்கறாங்க."

"அவளுக்கு ஆவணியிலதானுங்கண்ணா பரீச்ச?"

"படிச்ச வரைக்கும் போதும் அம்மிணி. மாமியாரு ஊட்டுல ஆள் வேணும்ங்கறாங்க."

சின்னான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னான். கல்யாணத்தை ஊர் அழைத்துத்தான் செய்ய வேண்டும். அழைக்க இவளை விட்டால் ஆளில்லை. ஆகவே கூட்டத்தில் அவனே எழுந்து, பானுமதி அழைப்பு செல்லும், அத்தாயி சாவுக்கு வராதது தன் தப்பு என்று சொல்லிவிடுவான்.

"நீங்களே சொல்வீங்களாண்ணா?"

"சபையில, எல்லாரு முன்னாலயும்."

எத்தனை மாதமாக எதிர்பார்த்த வார்த்தை, பலாப்பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டது. அன்றைக்குப் பழத்தை அரிந்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தாள்.

இளமதியின் போன் மறுநாள் வந்தது.

"அத்த, நீங்க கூப்புடப் போறீங்களாமா?" அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள். "நாலு வருசம் படிச்சுட்டு கடைசிப் பரீச்சைக்குப் போகாம தாலி கட்டிக்கோணுமா? எல்லையில யாரோ சண்ட போட்டா எம்பட ஹால் டிக்கெட்டு எதுக்கத்த கிழியோணும்?"

"மாப்பிள்ளைய வேண்டாங்கறயா கண்ணு?"

"அவரு நல்ல மனுசந்தான். வேண்டாங்கல. ஆவணி வேண்டாங்கறேன். எங்கப்பாகிட்டச் சொன்னா, பொட்டப்புள்ள பேச்சுக் கேட்டு எவனாச்சும் தேதி வெப்பானாங்கறாரு."

போனை வைத்துவிட்டுப் பானுமதி வெகுநேரம் மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பிரம்பைக் கொடுத்த அதே சண்டைதான் அந்தப் பெண் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிறது. தன் அழைப்பு செல்லும் என்றால் ஆவணியில் கல்யாணம். செல்லாது என்றால் அழைக்க ஆளில்லை. தையில் சுதாகர் வந்து அழைக்கும்வரை கல்யாணம் நிற்கும், பரீட்சை நடக்கும். கணக்கு அவ்வளவுதான். விடைதான் கசந்தது.

ஆடி வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது. பெண்கள் வழக்கம்போலச் சுவருக்கு அந்தப்புறம். பரீட்சைக்குப் படிக்க விடுமுறையில் வந்திருந்த இளமதியும் அங்கே, அவள் அம்மா பக்கத்தில். சின்னான் எழுந்து, சொன்ன வாக்குத் தவறாமல் சொன்னான். தப்பு என்னுது, பானுமதி அழைப்பு செல்லும், ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், ஊர் நடத்திக் கொடுக்க வேண்டும். கிடுகிடுவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். குப்புசாமி பானுமதியைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்லாதுங்க மாமா," என்றாள் பானுமதி.

குப்புசாமி வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

"என்ன அம்மிணி?"

"எம்பட அழைப்பு செல்லாதுங்க. சின்னாண்ணன் மொதல்ல சொன்னதுதான் சரி. பிரம்பு எங்கூட்டுக்காரர் கையில குடுத்தது. நாட்டுல எங்கியும் பொம்பள கூப்புட்டதில்ல. நல்ல காரியத்துக்கு அரைகுறையாக் கூப்புட்டா நாளைக்கு ஒரு பேச்சு வரும். தையில அவரு வந்துருவாருங்க. அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்." சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கரித்தது. ஆனால் குரல் குறையவில்லை. தனக்கு எதிராக அவ்வளவு நன்றாக வாதாட அவளால் மட்டும்தான் முடியும்.

சின்னானுக்கு எதுவும் புரியவில்லை. "நான்தான் செல்லும்ங்கறனே," என்றான் பரிதாபமாக.

அப்போதுதான் பூபதி துள்ளி எழுந்தான். வைகாசியில் கல்யாணமான அதே பூபதி. "ஏனுங்க, அப்ப எம்பட கல்யாணம்?"

"உன்னோடதுக்கு என்ன?" என்றார் குப்புசாமி.

"அதுக்கும் இவங்கதானுங்களே கூப்புட்டாங்க. அது செல்லாதுன்னா இது செல்லுமுங்களா? ஊர் கூடாத கல்யாணமா என்னோடது?"

சுவருக்கு அந்தப்புறமிருந்து பூபதியின் மனைவி அருணாவின் குரல் வந்தது. அவள் வாந்தியும் மயக்கமுமாக இருந்த சமயம். "அப்ப நான் யாரு ஊட்டுல வந்து உக்காந்திருக்கறேன்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க," என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. காதுகுத்து வைத்தவர்கள் மொய் போச்சே என்று எழுந்தார்கள். மேய்ச்சல் தகராறில் தோற்றவன் அப்படியானால் அந்தத் தீர்ப்பும் செல்லாதுதானே என்று ஆசையோடு கேட்டான்; ஜெயித்தவன் அவன் துண்டைப் பிடித்து உட்கார வைத்தான். அத்தாயியின் மகன் எழுந்து, "எங்காத்தாளைத் திரும்பத் தோண்டி எடுத்தா பொதைக்க முடியும்?" என்றான். அதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

குப்புசாமி வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். இனிமேலும் முடிவெடுக்காமல் தப்பிக்க வழியில்லை. "ஊர் என்ன சொல்றீங்க?" என்றார். செல்லும், செல்லும் என்று நாலாபக்கமும் சத்தம். "சரி. சித்திரையில இருந்து பானுமதி கூப்புட்டதெல்லாம் அழைப்புத்தான். இனிமேக் கூப்புடறதும் அழைப்புத்தான். பேச்சு முடிஞ்சுது."

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. அது கிடைக்கக்கூடாத நேரத்தில், கேட்காமலே கிடைத்தது. பானுமதிக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. சுவரோரம் இளமதியின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பறமென்ன அம்மிணி, ஆவணிக்குக் கூப்புட்றலாமில்ல?" என்றான் சின்னான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"கூப்புடறேனுங்கண்ணா," என்றாள் பானுமதி. பிரம்பை நேராகப் பிடித்தாள். "எம்பட அழைப்பு இப்பச் செல்லுமில்லீங்க மாமா?"

"செல்லும்னு சொல்லியாச்சே."

"யாரைக் கூப்புட்டாலும் வரோணுமில்லீங்க?"

"ஊர் கூப்புட்டா வராம?"

பானுமதி சுவர்ப்பக்கம் திரும்பினாள். அந்தத் தொண்டையை முழுசாகத் திறந்தாள்.

"ஊத்துக்காட்டுச் சின்னான் மக இளமதி, ஊர் கூப்புடுது."

பள்ளத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்திருக்கும். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். இளமதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா முதுகில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். அந்தத் தள்ளை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வாரேன்," என்று சொல்லிக்கொண்டே இளமதி வட்டத்துக்குள் வந்து நின்றாள். சின்னான் வாயைத் திறந்தான். அழைத்து வந்த ஆளைப் பேசவிடாமல் தடுப்பது முறையில்லை; முறை தெரிந்தவன் என்பதால் மூடிக்கொண்டான்.

"பரீச்ச ஆவணியில," என்றாள் இளமதி. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எழுதி முடிச்சா நான் நர்சு. செம்மேட்டு ஆஸ்பத்திரியிலயே வேல கெடைக்கும். அத்தாயிப் பாட்டிக்கு மூச்சு எரைச்சப்ப இங்க ஊசி போட ஒரு ஆள் இல்ல. நான் கார்த்திகிட்டப் பேசிட்டேன். சண்ட மூண்டா மூளுட்டும், நீ எழுதி முடி, தையில வாரேன்னுட்டாரு. அவங்கம்மாகிட்டயும் அவரே சொல்லிக்கறாராம். எங்கப்பா பயத்துல அவசரப்படறாருங்க. எனக்கும் பயந்தான். பயத்துக்காகப் பரீச்சைய விட முடியாதுங்க."

குப்புசாமி சின்னானைப் பார்த்தார். சின்னான் தரையைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. மகள் இவ்வளவு பேசுவாள் என்று அவனுக்குத் தெரியாது. இதுவரை வீட்டில் கேட்டதுமில்லை.

"தையிலயே வெச்சுக்கறேனுங்க," என்றான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் குப்புசாமி பானுமதியைக் கூப்பிட்டார். "இந்தச் செவுத்துக்குப் பின்னால இருந்து சத்தம் போடறது சரிப்படல அம்மிணி. யாரு பேசறாங்கன்னே தெரிய மாட்டேங்குது. அடுத்த கூட்டத்துல இருந்து ஊட்டுக்கு ரெண்டு பேராக் கூப்புடு. ஆம்பளைல ஒண்ணு, பொம்பளைல ஒண்ணு."

"அப்ப எனக்கு வேல ரெட்டிப்புங்களா மாமா?"

"தொண்டைதான் கெடக்குதே," என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

அன்று ராத்திரி சுதாகரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். தையில் வந்ததும் பிரம்பை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டாள். "எனக்கு இத்தன வருசமா உத்தரவு கேட்டுத்தான் பழக்கம். போட்டுப் பழக்கமில்ல. நீயே வெச்சுக்க, நான் மாட்டப் பாத்துக்கறேன்," என்றான் அவன். அவள் அழுதாள். அவன் பயந்துபோய் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். இரண்டு வீட்டுக்காரர்கள், ஆண்களோடு பெண்கள் சரிசமமாக உட்காருவதென்றால் தாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள், இன்னும் வருவதில்லை. கார்த்தியின் அம்மா இளமதியோடு சரியாகப் பேசுவதில்லை. எல்லையில் எப்போது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. டிவியில் செய்தி ஓடினால் பானுமதி இப்போதும் செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

அடுத்த கூட்டம் ஐப்பசியில், பாதை போடுவது பற்றி. இளமதி பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். பானுமதி பிரம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான், அவளும் ஊர்க்கவுண்டரும் யோசிக்காத ஒரு சிக்கல் முளைத்தது. பெண்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன பெயர்? பூபதி பெண்டாட்டி, கடைக்காரர் சம்சாரம், மேட்டு வீட்டு அத்தை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆதார் கார்டில் பெயர் இருக்கிறது. ஊர் வாயில் இல்லை. பானுமதி வாசல்வாசலாக நின்று பெயர் கேட்டாள். சிலர் வெட்கப்பட்டார்கள். ஒருத்தி தன் பெயரைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னான் வீட்டு வாசலுக்கு வந்தாள். "சின்னான், ஊர் கூப்புடுது," என்றாள்.

"வாரேன்," என்று பதில் வந்தது. உடனே, தெளிவாக.

அடுப்படியில் இளமதியின் அம்மா மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பானுமதி கதவோரம் போய் மெல்லக் கேட்டாள். "உங்க பேரு என்னங்க மதினி? இத்தன வருசம் பழகுறேன், எனக்கே தெரியல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சின்னானைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். மகள் சிரித்தாள்.

"பொன்னாயி," என்றாள்.

பானுமதி மறுபடி வாசலுக்கு வந்து, நடுவில் நின்று, பள்ளம்வரை கேட்கிற மாதிரி அழைத்தாள்.

"ஊத்துக்காட்டுப் பொன்னாயி, ஊர் கூப்புடுது."

உள்ளே அடுப்பிலிருந்து விறகை இழுத்துப்போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பொன்னாயி முன்னால் வந்து நின்று, "வாரேன்," என்றாள்.